பொடக்காலியில் எடுத்த உடைப்பு

முத்தூர்,
கார்த்திகை 3

அன்புள்ள பழனிச்சாமி,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அங்கே தங்கச்சியும் பேரன் பேத்தியும் சௌக்கியம் என்று நம்புகிறேன். ஆறு மாதமாக ஒரு வரி இல்லை என்று ஆரம்பிக்காதே, உன்னிடமிருந்தும் தபால் வந்து பொங்கலோடு பொங்கலாகப் போகிறது. போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் நீ என்னை எப்போது பேச விட்டாய்? முப்பது வருடம் தமிழய்யாவாக இருந்தவனுக்கு எதிராளி வாயைத் திறந்தாலே கையைக் கட்டச் சொல்லத்தான் தோன்றும். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. ஒற்றுப்பிழை கண்டுபிடிக்கலாம். சிவப்பு மையை அப்புறம் எடு, முதலில் படித்து முடி.

தீபாவளியன்று காலையில் போகப் பார்த்தேன். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன், ஆனால் ரொம்பக் கூட்டவில்லை.

எண்ணெய் தேய்த்துக்கொண்டு, சரசு விறகடுப்பில் காய்ச்சி வைத்த வெந்நீரோடு வீட்டுக்குப் பின்னால் பொடக்காலிக்குக் குளிக்கப் போனேன். என் வலது கணுக்காலுக்கு மேலே உள்பக்கமாக ஓர் இடம் வருடக்கணக்காக அரிக்கும். உனக்குத் தெரியும், நீதான் அதைச் சேற்றுப்புண் என்று சொல்லி நல்லெண்ணெய் போடச் சொன்னவன். அந்த இடம் கறுத்து, தோல் காகிதமாக மெலிந்து, நடுவில் மிளகு அளவுக்கு ஒரு பொருக்கு இருந்தது. வெந்நீர் பட்டதும் அரிப்பு சுகமாக இருந்ததா, பீர்க்கங்காய் நாரை வைத்து நன்றாகத் தேய்த்தேன். வலி என்று ஒன்றுமே இல்லை. காலடியில் என்னவோ வழுக்கியது, சீயக்காய் என்று நினைத்தேன். குனிந்து பார்த்தால் எதிர்ச் சுவரில் சிவப்பாகக் கோடு. சொட்டுநீர்க் குழாயில் ஓட்டை விழுந்தால் மெல்லிசாக ஓர் ஓரமாய்ப் பீச்சிக்கொண்டிருக்குமே, அதே மாதிரி என் காலிலிருந்து பீச்சிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு நாங்கள் செய்ததெல்லாம் தப்பு. ஒன்றுவிடாமல் சொல்கிறேன். நான் கத்திக்கொண்டே நடந்து வீட்டுக்குள் போனேன். நாற்காலியில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தேன். மச்சான் ஓடிவந்து துண்டை முறுக்கி முழங்காலுக்குக் கீழே மாட்டைக் கட்டுகிற மாதிரி இறுக்கிக் கட்டினான். சரசு காப்பித்தூள் டப்பாவைக் கொண்டுவந்து கவிழ்த்தாள். தூள் இரண்டு நிமிடத்தில் டிகாஷனாகி வழிந்து போனது. துண்டு இறுக இறுகப் பீச்சுவது அதிகமானதே தவிரக் குறையவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் எட்டிப் பார்த்து, கோழியா அறுத்தீங்க என்று கேட்டான். எனக்கு அதற்குள் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

துணை சுகாதார நிலையத்து நர்சம்மா நோம்பிக்கு ஊருக்குப் போகாமல் இருந்தது நம் குலசாமி செய்த வேலை. வந்த வேகத்தில், இதை யார் கட்டியது என்று கேட்டு அவிழ்த்து எறிந்தது. என்னைத் தரையில் மல்லாக்கப் படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பருத்திக்கொட்டை மூட்டைமேல் வைத்தது. வைத்த உடனே பீச்சுவது நின்று சொட்ட ஆரம்பித்தது, இன்னும் கை வைக்கவே இல்லை! அப்புறம் சுத்தமான துணியைச் சின்னதாக மடித்து அந்த ஒரு புள்ளியில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி, மணியைப் பார்த்துச் சொல்லுங்க, பதினஞ்சு நிமிஷத்துக்கு எடுக்க மாட்டேன் என்றது. நின்றுவிட்டதா பார்க்கலாமா என்று சரசு இரண்டு தடவை கேட்டு இரண்டு தடவையும் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

பிறகு 108 வந்தது, ஈரோட்டுக்குப் போனேன், ஒரு தையல், இரண்டு பாட்டில் ரத்தம். உடைந்தது சிரை, காலிலிருந்து ரத்தத்தை நெஞ்சுக்குத் திருப்பிக் கொண்டுபோகிற குழாய், அது சுருண்டு புடைத்திருந்ததாம். சாகவில்லை. அந்தக் கதை அவ்வளவுதான். மூன்று வாரமாகப் படுத்துக்கொண்டு யோசித்ததைத்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

காலைத் தூக்கியதும் ஏன் நின்றது? நம் ஊர் மேல்நிலைத் தொட்டியை நினைத்துக்கொள். குழாயில் வேகம் வருவது தொட்டியின் உயரத்தால். நிற்கிறவனுக்கு நெஞ்சுக்கும் கணுக்காலுக்கும் நடுவே நாலடி உயரத்துக்கு ரத்தம் நிற்கிறது. அந்தப் பாரத்தை ரத்த அழுத்தம் பார்க்கிற கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 90. கையில் பட்டை கட்டிப் பார்க்கிறார்களே 120க்கு 80 என்று, கிட்டத்தட்ட அந்த அளவு வேகம், நெஞ்சிலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோகிற தமனிக்கு இருக்கிற தடித்த சுவர் இல்லாத ஒரு சிரையில்! படுத்தால் தொட்டியைத் தரையில் இறக்கி வைத்த மாதிரி. காலைத் தூக்கினால் குழாய் தொட்டிக்கு மேலே போய்விடுகிறது, தண்ணீர் எங்கிருந்து வரும்? நான் என்னவென்றால் தொட்டி நிறைய வைத்துக்கொண்டு வீடு முழுக்க நடந்திருக்கிறேன்.

துண்டு கட்டியது அதைவிட மோசம். தமனி ஆழத்தில் ஓடுகிறது, துண்டால் கட்டினால் அது அடைபடாது. மேலாக ஓடுகிற சிரைதான் அடைபடும். அதாவது வரும் வாய்க்காலைத் திறந்து வைத்துவிட்டு வடிகாலை அடைத்திருக்கிறோம். அப்புறம் வயல் உடையாமல் என்ன செய்யும்? மச்சானிடம் இதை விளக்கினேன். நல்லதுக்குத்தானே செஞ்சேன் என்று இரண்டு நாள் பேசவில்லை.

உனக்கு ஒரு தமிழ்ச் சந்தேகம். நாம் எல்லோருமே இதை நரம்பு என்றுதான் சொல்கிறோம். கை நரம்பு புடைத்தது, ஊசி போட நரம்பு கிடைக்கவில்லை, கால் நரம்பு சுருட்டிக்கொண்டது. நானும் டாக்டரிடம் நரம்பு வெடித்துவிட்டது என்றேன். நரம்பு வேறுங்க, அது சேதி கொண்டுபோகிற கம்பி, இது ரத்தக் குழாய் என்றார். இந்த இரண்டுக்கும் ஒரே பேரை வைத்துக்கொண்டு எத்தனை பேர் தப்பான டாக்டரிடம் போயிருப்பார்களோ. நாளம் என்றால் தாமரைத் தண்டு என்று நீ வகுப்பெடுத்தது ஞாபகம் இருக்கிறது. உள்ளே துளை உள்ள தண்டு. நல்ல சொல். ஆனால் நாளமில்லாச் சுரப்பியோடு சேர்த்துப் படித்ததால் நமக்கெல்லாம் அதன்மேல் பயம் வந்துவிட்டது.

சரி, அந்தச் சிரை ஏன் சுருண்டது? முப்பத்தொரு வருடம் கண்டக்டராகப் பஸ்ஸில் நின்றேன், அதனால். அதனால் மட்டும் இல்லையாம், அம்மாவுக்கும் இருந்தது. கால் சிரைக்குள் வழி நெடுக ஒருவழிக் கதவுகள் இருக்கின்றன. நடக்கும்போது கெண்டைச் சதை பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளும், கதவு கீழே இறங்க விடாது. நின்றுகொண்டே இருந்தால் சதை பிழியாது. குழாய் உப்பிப் போனால் கதவின் இரண்டு பலகையும் ஒன்றையொன்று தொடாது. ஒரு கதவு கெட்டால் அந்தப் பாரம் கீழே உள்ள கதவுக்குப் போகும். இப்படியே கணுக்கால் வரைக்கும். அங்கே தேங்கிய ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தோலுக்குள் கசிந்து, அதிலுள்ள இரும்பு தங்கித்தான் அந்தக் கறுப்பு வருகிறது. துருதான், வேறொன்றுமில்லை. சரசு பத்து வருடமாக அழுக்கு என்று சொல்லித் தேய்க்கச் சொன்னது துருவை. இதற்கு ஓர் ஆஸ்பத்திரியில் நாலு வருடம் அரிப்புக் களிம்பு எழுதிக்கொடுத்தார்கள். ஒரு நாளாவது, எழுந்து நில்லுங்கள், காலைப் பார்க்கிறேன் என்று சொன்னதில்லை. எப்போதும் உட்கார்ந்த காலைத்தான் பார்த்தார்கள். உட்கார்ந்தால் பாதிப் புடைப்பு தெரியாது. இதை எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது, விடு.

அந்தக் கதவுகளை முதலில் நன்றாக எழுதி வைத்தவர் இத்தாலியில் ஒரு பேராசிரியர், ஃபாப்ரிசியஸ். ஆனால் எதற்கு என்று அவருக்குப் பிடிபடவில்லை. அவரிடம் படித்த இங்கிலாந்துக்காரர் ஹார்வி 1628இல் சொன்னார், ரத்தம் சுற்றி வருகிறது என்று. எப்படிக் கண்டுபிடித்தார் தெரியுமா? கண்டக்டர் கணக்கு! அதுவரைக்கும் எல்லோரும், சாப்பாடு ரத்தமாகி உடம்புக்குள் போய்ச் செலவாகிவிடுகிறது என்றுதான் நினைத்திருந்தார்கள். ஹார்வி வசூலைக் கூட்டிப் பார்த்தார். இன்றைய அளவில் நான் போட்டுக் காட்டுகிறேன். ஒரு துடிப்புக்கு 70 மில்லி, நிமிடத்துக்கு 70 துடிப்பு. நிமிடத்துக்கு ஐந்து லிட்டர், மணிக்கு 300 லிட்டர். எந்தக் கவுண்டன் மணிக்கு 300 லிட்டர் ரத்தம் ஊறுகிற அளவுக்குச் சாப்பிடுகிறான்? டிக்கெட்டுக்கும் பணத்துக்கும் டேலி ஆகவில்லை. ஆகவே அதே பயணிகள்தான் திரும்பத் திரும்ப ஏறுகிறார்கள். உடம்பில் மொத்தமே ஐந்து லிட்டர்தான், நிமிடத்துக்கு ஒரு டிரிப். இதைப் படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நான் மட்டும் 1628இல் இருந்திருந்தால் கண்டுபிடித்திருப்பேன், சிரிக்காதே.

ஆனால் தமனியிலிருந்து சிரைக்கு எங்கே மாறுகிறது என்று ஹார்வியால் காட்ட முடியவில்லை. பஸ் ஸ்டாண்டைக் காணோம். அவர் 1657இல் செத்து நாலு வருடம் கழித்து, 1661இல், மால்பிகி என்பவர் தவளையின் நுரையீரலைப் பூதக்கண்ணாடியில் பார்த்துக் கண்டுபிடித்தார். அதுதான் தந்துகி. ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்தால் ஒரு பங்கு இருக்கும், சில இடத்தில் அதைவிடக் குறுகல். சிவப்பணு உடம்பை வளைத்துக்கொண்டு ஒற்றை வரிசையில் நுழைந்து போகவேண்டும், நம் சந்தை நாள் பஸ்ஸில் படிக்கட்டு ஏறுகிற மாதிரி.

இங்கேதான் நான் உன்னிடம் ஒரு தோல்வியை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. பேரனைக் கூப்பிட்டு இந்தப் பத்தியைச் சத்தமாகப் படிக்கச் சொல்.

கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடுகிற சண்டையில் நீ கசிவுநீர்க் கட்சி, நான் கான்கிரீட் கட்சி. உன் மாமனார் தோட்டம் கோபிப் பக்கம், வாய்க்கால் கசிந்து உங்கள் கிணற்றை நிரப்பும். நான் கடைமடை. 200 கிலோமீட்டர் தாண்டி வருகிற தண்ணீரில் எனக்கு மிஞ்சுவது என்ன என்று நான் கத்துவேன். கசிவது நட்டமில்லை, கசிவதுதான் பாசனம் என்று நீ சொல்வாய். ராசு நடுவில் உட்கார்ந்து இரண்டு பேருக்கும் டீ சொல்லுவான். இப்போது சொல்கிறேன் கேள். தந்துகி கசியத்தான் வேண்டும். அதன் சுவர் ஒரே ஓர் அடுக்கு, அதுவும் இடைவெளி விட்டது. தண்ணீர், உப்பு, சர்க்கரையெல்லாம் அதன் வழியாக வெளியே கசிந்துதான் சதைக்குப் போகிறது. வெளியே போனதில் திரும்பாதது ஒரு நாளைக்கு இரண்டு மூன்று லிட்டர் இருக்கும். அது நிணநீர் என்று தனி வடிகாலில் சேர்ந்து கழுத்துக்குக் கீழே மறுபடியும் ரத்தத்தில் கலக்கிறது. கான்கிரீட் போட்ட தந்துகி இருந்தால் உடம்பு பக்கத்திலேயே ரத்தத்தை வைத்துக்கொண்டு பட்டினியில் செத்துப்போகும். ஆக, ரத்தக் குழாய் விஷயத்தில் உன் கட்சி ஜெயித்தது. வாய்க்கால் விஷயத்தில் நான் இன்னும் மாறவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. நமக்கு ஒற்றைப்படை மதகு ஒரு போகம், இரட்டைப்படை மதகு ஒரு போகம் என்று முறை வைத்து விடுகிறார்களே, உடம்பும் அதைத்தான் செய்கிறது. எல்லாத் தந்துகியையும் ஒரே நேரத்தில் நிரப்ப ஐந்து லிட்டர் போதாது. சின்னத் தமனிகளின் சுவரில் உள்ள தசை சுருங்கியும் விரிந்தும் மதகு வேலை பார்க்கிறது. சாப்பிட்டால் குடலுக்குத் திறக்கும், ஓடினால் காலுக்குத் திறக்கும். எல்லா மதகையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டால் அழுத்தம் இறங்கி ஆள் விழுந்துவிடுவான். இரண்டு லட்சத்துச் சொச்சம் ஏக்கருக்குத் தண்ணீர் பங்கு வைக்க நம் ஆட்கள் எத்தனை கூட்டம் போடுகிறார்கள்! உடம்பில் சத்தமே இல்லை.

உடைந்த பிறகு நடப்பதையும் சொல்லிவிடுகிறேன், உனக்கு அது முக்கியம். குழாய் கிழிந்ததும் முதலில் தானாகவே சுருங்கும். கிழிந்த ஓரத்தில் உள் பூச்சு போய் அடியில் உள்ள நார் தெரியும். அதைக் கண்டால் பிளேட்லெட்டுக்குப் பிடிக்காது, போய் ஒட்டிக்கொள்ளும். டெங்கு வந்தால் எண்ணுவார்களே அந்தத் தட்டணுதான், ஒரு சொட்டில் கோடிக்கும் பக்கமாக இருக்கும். ஒன்று ஒட்டினால் உப்பிக்கொண்டு மற்றதையெல்லாம் கூப்பிடும். நம் கரை உடைந்தால் முதலில் கைக்குக் கிடைத்த வைக்கோலையும் மண்ணையும் போட்டு அமுக்குவோமே, அது. அது மட்டும் தாங்காது. அதற்குமேல் ஃபைப்ரின் என்கிற நூல் வலை பின்னிக்கொள்ளும். முள்ளுக்கட்டையும் மணல் மூட்டையும் அடுக்குகிற மாதிரி. அந்த வலை இறுக நேரம் பிடிக்கும். அதற்குத்தான் நர்சம்மாவின் பதினைந்து நிமிடம். நடுவில் எடுத்துப் பார்த்தால் வைக்கோலையும் சேர்த்துப் பிடுங்கியதாக ஆகும். காப்பித்தூள் இந்த வேலையில் எந்த உதவியும் செய்வதில்லை, அழுக்கைத்தான் உள்ளே விடும்.

நீ ரத்தக் குழாயைத் திறந்து வைக்கிற ஸ்டென்ட் கம்பிவலையை வைத்ததிலிருந்து ஆஸ்பிரின் சாப்பிடுகிறாய். அந்த மாத்திரை பட்ட தட்டணு சாகும் வரைக்கும், பத்து நாள்வரை, நேராக ஒட்டாது. உன் ஸ்டென்டுக்குள் ரத்தக்கட்டி சேராமல் இருக்க அது வேண்டும், நீயாக நிறுத்தித் தொலையாதே. ஆனால் அதே மாத்திரையோடு உன் காலில் இந்த மாதிரி உடைப்பெடுத்தால் நின்று தொலைய இன்னும் நேரமாகும். பழனிக்கு நடந்து போனோமே, தாராபுரம் சத்திரத்தில் நீ வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு படுத்திருந்தபோது உன் இடது காலைப் பார்த்தேன். கெண்டைக்குப் பின்னால் கொடி கொடியாக இருந்தது. அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை, எனக்கும் இருக்கிறதே என்று ஒரு சந்தோஷம்தான் வந்தது.

இன்னொரு விஷயம் தங்கச்சி போனில் சொன்னது. ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிட்டாயாமே. நன்றாகத்தானே இருக்கிறேன் என்றாயாம். அதைச் சொன்னதற்கு அதன்மேல் கோபப்படாதே, நான்தான் தோண்டிக் கேட்டேன்.

நன்றாகத்தானே இருக்கிறேன் என்று ராசுவும் சொன்னான். தை மாதம் நோம்பிக்குக் கம்பம் நடுகிற அன்று, இதே வார்த்தை, என் திண்ணையில் உட்கார்ந்து. நான்காவது நாள் டம்ளரை எடுத்தான், கையிலிருந்து நழுவியது, என்னைப் பார்த்து என்னமோ சொன்னான், அது பேச்சாக வரவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. வாதம் என்று ஊரில் சொன்னார்கள், எண்ணெய் தேய்த்தார்கள். நானும் பக்கத்தில் நின்று எண்ணெய்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன், பழனிச்சாமி. இரண்டு மணி நேரம் போய்விட்டது.

இப்போதுதான் எனக்கு அது விளங்குகிறது. மூளைக்கு அடியில் பெரிய குழாயிலிருந்து நூல் மாதிரிக் குழாய்கள் நேராகப் பிரிந்து உள்ளே போகின்றன. நடுவில் வேகத்தைக் குறைக்கிற கிளைகள் இல்லை. அழுத்தம் அதிகமாக இருந்தால் முழு வேகமும் அந்த நூலில் விழும். வருடக்கணக்கில் சுவர் இற்றுக்கொண்டே வரும், வலிக்காது. என் காலில் உடைந்தபோது ரத்தம் வெளியே வந்தது, கழுவிவிட்டோம். மண்டை ஓட்டுக்குள் உடைந்தால் போக இடம் இல்லை. ஒரு சின்ன டம்ளர் ரத்தம் மூளையை நசுக்கப் போதும். அங்கே கட்டைவிரலால் அழுத்த எந்த நர்சம்மாவாலும் முடியாது.

வாதத்திலேயே இரண்டு வகையாம், குழாய் அடைத்தது ஒன்று, உடைந்தது ஒன்று. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி. ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். அடைப்பாக இருந்தால் நாலரை மணி நேரத்துக்குள் கரைக்க மருந்து உண்டு. உடைப்பாக இருந்தால் அதே மருந்து ஆளைக் கொன்றுவிடும். அதனால் வாய் கோணினால், கை தூக்க முடியாவிட்டால், பேச்சு குழறினால் எண்ணெயும் வேண்டாம், ஆஸ்பிரினும் வேண்டாம், நேரே ஸ்கேன் இருக்கிற ஆஸ்பத்திரி. இதைத் தங்கச்சியிடமும் பையனிடமும் சொல்லி வை. நீயே சொல், நான் சொன்னதாகச் சொல்லாதே, கண்டக்டர் சொன்னான் என்றால் உன் பையன் கேட்க மாட்டான்.

என் காலுக்கு வருவோம். டாப்ளர் என்று ஒரு ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தம் கீழே இறங்குவது திரையில் வேறு நிறத்தில் தெரிந்தது. தையில் லேசர் வைத்து அந்தப் பெரிய சிரையை அடைத்துவிடலாம் என்கிறார்கள். அடைத்தால் ரத்தம் எந்த வழியாகப் போகும் என்று கேட்டேன். ஆழத்தில் ஓடுகிற சிரைதான் பெரும்பாலான வேலையைச் செய்கிறது, இது ஒழுகிக்கொண்டு இருப்பதைவிட இல்லாமல் இருப்பது மேல் என்றார் டாக்டர். அதுவரைக்கும் இறுக்கமான காலுறை. அதை மாட்டுவதற்குக் காலையில் நானும் சரசும் மல்லுக்கட்டுகிற அழகைப் பார்க்க மச்சான் திண்ணையில் வந்து உட்கார்ந்துகொள்கிறான். முத்தூர் வெயிலில் தொடை வரைக்கும் காலுறை! ஊரில் என்னை ஃபுட்பால் என்று கூப்பிடுகிறார்கள்.

மஞ்சள் இந்த வருடம் பரவாயில்லை. செவலை கன்று போட்டிருக்கிறது, கிடாரி. பெரியவள் உன்னைக் கேட்டாள். உன் பழைய பெட்டி இன்னும் என் அட்டத்தில்தான் இருக்கிறது, எலி கடிக்கவில்லை.

இந்தக் கடிதம் கிடைத்த அன்று மாத்திரையைப் போடு. அப்புறம் எழுந்து நின்று, நின்ற கோலத்தில், பேரனை விட்டு உன் இடது காலை முன்னும் பின்னும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொள். போன தடவை மாதிரி முகத்தை எடுத்து அனுப்பாதே, அது எனக்கு ஏற்கனவே தெரியும்.

அன்புடன்,
சென்னியப்பன்